நீங்கள் மறுத்த வில்லும் ஒப்புக்கொண்ட வில்லும்

வில் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரிடமிருந்து ஒன்பது பக்கக் கடிதம் வந்திருக்கிறது. பெயர், நாடு, அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆறு வருடம் ஒரு ஆசானிடம் இருந்து தொழில் கற்றவர். பதினான்கு வருடமாகத் தனிப் பட்டறை. ஒற்றை மரத்தில் செதுக்கும் வில்லும் செய்கிறார், மரத்தோடு எருமைக் கொம்பையும் தசைநாரையும் சேர்த்து ஒட்டும் கொம்பு வில்லும் செய்கிறார். வாடிக்கையாளர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் 'உங்களுக்குத் தெரிந்தபடி செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்கள், இப்போது படம் அனுப்பி 'இதே மாதிரி வேண்டும்' என்கிறார்களாம். அப்படி வந்த மூன்று பேரைப் பற்றித்தான் கடிதம்.

முதல் ஆள் ஒரு கல்லூரி மாணவர். மாயாஜாலப் படம் ஒன்றில் பார்த்த வில்லைக் கேட்டிருக்கிறார்: இலை வடிவம், வளையும் பகுதி முழுக்கக் கொடி வேலைப்பாடு, நடுவில் ஓட்டைகள். இவர் 'நான் பொம்மை செய்கிறவன் இல்லை' என்று பதில் எழுதிவிட்டார். மாணவர் அதைப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி போட்டு, இவர் பட்டறைக்கு ஒற்றை நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார். இரண்டாவது ஆள் செங்கிஸ் கான் காலத்து மங்கோலிய வில் கேட்கிறார். ஆனால் உள்ளே ஃபைபர் கிளாஸ் இருக்க வேண்டும், பிடியில் அம்பு தங்க ஒரு மேடை வெட்ட வேண்டும், கூடவே '13ஆம் நூற்றாண்டு முறைப்படி செய்தது' என்று சான்றிதழும் வேண்டும். முன்பணம் வாங்கியாயிற்று, வேலை தொடங்கவில்லை. மூன்றாவது ஆள் ஆறு கொம்பு வில் கேட்டவர். எல்லாம் பழைய பொருள், பழைய பசை, பழைய முறை. கடைசியில் மட்டும் புகை காட்டி, தோலைத் தேய்த்து, மெருகில் வெடிப்பு விழ வைத்து, நூறு இருநூறு வருடம் பழசு போல ஆக்கித் தர வேண்டும். பட்டறையின் முத்திரை வேண்டாம். 'இவர் ஒருவர்தான் உண்மையான மரபை மதித்துக் கேட்டார்' என்று இவரைப் பற்றி நம் வில்காரர் இரண்டே வரியில் எழுதி முடித்திருக்கிறார். இரண்டு வில் அனுப்பியாகிவிட்டது, நான்கு பட்டறையில் இருக்கின்றன.

அவருடைய கேள்விகள் இவை. போலி வடிவத்தைச் செய்து கொடுப்பது ஏமாற்று வேலையாகுமா? மறுக்க எனக்கு உரிமை உண்டா? வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டுச் செய்த வில் உடைந்தால் பொறுப்பு அவருடையதுதானே? ஆசான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

நண்பரே, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. மற்றவற்றுக்குச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர். பல வருடங்களாகக் கைவினைக்காரர்களின் ஒப்பந்தங்களையும் தகராறுகளையும் பார்த்து வருகிறேன், அதில் வில் செய்பவர்களும் இருந்தார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே பெரும்பாலான இடங்களில் பொதுவாக இருக்கும் அடிப்படைகளை வைத்துத்தான் பேசுகிறேன். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடிதத்தைப் படித்து முடித்ததிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று பேரில் அதிகம் கெடுதல் செய்ய முடியாதவர் அந்த மாணவர், அவரைத்தான் நீங்கள் விரட்டிவிட்டீர்கள். உங்களைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடக்கூடியவர் அந்த ஆறு வில் ஆள், அவரிடம்தான் சந்தோஷமாகச் சரி என்றிருக்கிறீர்கள். எது போலி என்று பார்க்கும்போது வில்லின் வடிவத்தையும் பொருளையும் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். சட்டம் முதலில் பார்ப்பது, அந்த வில்லை என்ன சொல்லி விற்கிறீர்கள் என்பதை. நான் பார்ப்பதும் அதைத்தான்.

மரபு என்று எதைச் சொல்கிறோம்

உங்கள் கடிதத்தில் 'மாறாத மரபு' என்ற சொல் நாலைந்து இடத்தில் வருகிறது. வில்லைப் பொறுத்தவரை அப்படி ஒன்றை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த எல்ம் மர வில்லுக்கு ஏறக்குறைய 9,000 வயது. அது தட்டையாக, அகலமாக இருக்கும். 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த 170க்கும் மேற்பட்ட ஆங்கில நெடுவில்கள் தடித்து, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. யூமி என்கிற ஜப்பானிய நெடுவில்லில் பிடி நடுவில்கூட இருக்காது, கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். கொரிய வில்லில் கொம்பும் தசைநாரும் மட்டும் இல்லை, மூங்கிலும் மல்பெரி மரமும் சேர்ந்திருக்கும். இந்தியாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் முழுக்க எஃகால் ஆன வில்கள் செய்தார்கள், அவற்றில் சிலவற்றைப் பிடியில் திருகிக் கழற்றி இரண்டாக எடுத்துப் போகலாம். இன்று ஒருவர் உங்களிடம் கழற்றி மாட்டும் பிடி கேட்டால் அதையும் 'போலி வடிவம்' என்றுதான் தள்ளிவிடுவீர்கள், இல்லையா?

இதோடு முடியவில்லை. கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த படங்களைப் பார்த்தேன். 'மங்கோலியக் கொம்பு வில், 13ஆம் நூற்றாண்டு வடிவம்' என்று உங்கள் பட்டியலில் இருப்பதற்கு, வளையாமல் விறைத்து நிற்கும் நீளமான நுனிகள் இருக்கின்றன, நாண் வந்து உட்கார அந்த நுனிகளின் அடியில் சிறிய மரக்கட்டைகளும் இருக்கின்றன. இது மஞ்சு வில்லின் வடிவம். மஞ்சுக்கள் சீனாவில் சிங் ஆட்சியை நிறுவியது 17ஆம் நூற்றாண்டில், செங்கிஸ் கான் இறந்தது 1227இல். இன்று மங்கோலியாவில் விழாக்களில் எய்கிற வில்லே சிங் காலத்தில் பரவிய அந்த வடிவத்தின் வழியில் வந்ததுதான். உங்கள் ஆசான் மங்கோலிய வில் என்று கற்றுக்கொடுத்ததில் தப்பில்லை, மங்கோலியர்கள் தலைமுறை தலைமுறையாக எய்து வரும் வில்தான் அது. பட்டியலில் இருக்கும் '13ஆம் நூற்றாண்டு' மட்டும்தான் பொய். அதை எழுதச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் கேட்கவில்லை, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இருந்தாலும் இன்றைக்கே திருத்திவிடுங்கள்.

எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், இங்கிலாந்தில் 1893இல் வந்த சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, வர்ணனையைச் சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தி இருக்க வேண்டும் என்று இருந்தது. அதை முன்மாதிரியாக வைத்துப் பல நாடுகள் தங்கள் சட்டத்தை எழுதிக்கொண்டன, மற்ற நாடுகளின் நுகர்வோர் சட்டங்களும் பெரும்பாலும் இதையேதான் சொல்கின்றன. இதில் உள்நோக்கம் இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். 'எனக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள்' என்பது மோசடிக் குற்றச்சாட்டு வந்தால் உதவலாம், பணத்தைத் திருப்பிக் கேட்டு வருபவரிடம் உதவாது.

ஆக, போலி வடிவத்தைச் செய்வது ஏமாற்று வேலையா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. படத்து வில்லைப் படத்துப் பாணி வில் என்று சொல்லி விற்றால் அங்கே யாரும் ஏமாறவில்லை. நல்ல கொம்பு வில்லுக்குத் தவறான நூற்றாண்டைச் சொல்லி விற்றால் வாங்குகிறவர் ஏமாறுகிறார், வில் எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி.

கடிதத்தின் ஓரத்தில், அமெரிக்கப் பழங்குடிகளின் பாணியில் செய்யலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாணியைத் தழுவிச் செய்யலாம். ஆனால் பழங்குடியினரே செய்த பொருள் என்ற எண்ணம் வரும்படி அங்கே விற்பதை 1990இல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இன்ன இனத்தின் வில் என்று போடுவதற்குப் பதில், அந்தப் பாணியைத் தழுவி இன்ன பட்டறையில் செய்தது என்று முழுசாக எழுதுங்கள்.

'அவர்தான் கேட்டார்' என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும்

நீங்கள் மிகவும் நம்பியிருப்பது இந்த வாதத்தை, ஆனால் உடைந்த வில் விஷயத்தில் அது பாதி வழியில் கைவிட்டுவிடும். வடிவம், நிறம், அலங்காரம் பற்றிப் பின்னால் தகராறு வந்தால் வாடிக்கையாளரின் எழுத்து உங்களைக் காப்பாற்றும். 'இலை வடிவம் நீங்கள் கேட்டதுதானே' என்று காட்டினால் பெரும்பாலும் முடிந்தது. பாதுகாப்பு விஷயத்தில் அப்படி இல்லை. வில்லைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள்தான். ஓட்டை போட்டால் உடையும் என்று தெரிந்தும் போட்டுக் கொடுத்தால், அவர் கேட்டார் என்பது உங்கள் தவறைத்தான் நிரூபிக்கும், ஏனென்றால் ஆபத்து உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதே கடிதப் போக்குவரத்து சாட்சியாகிவிடும்.

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். ஒருவர் குட்டையான மரவில் கேட்டார், பார்க்க அழகாக இருக்கும் என்று. செய்தவர் 28 அங்குலம் வரை இழுக்கலாம் என்று மனதில் கணக்கு வைத்துச் செதுக்கினார், 'குட்டை என்பதால் ஆயுசு குறைவு, பரவாயில்லையா' என்று எழுதிக் கேட்டார், வாங்கியவரும் பரவாயில்லை என்று பதில் எழுதினார். ஆனால் வில்லின் மேல் எதுவும் எழுதவில்லை. வாங்கியவர் 27 அங்குலம்தான் இழுப்பார், வில்லும் நன்றாக வேலை செய்தது. ஒரு நாள் அவருடைய நண்பர், கை நீளமானவர், வாங்கி 31 அங்குலம் இழுத்தார். மேல் பாதி முறிந்து, துண்டு புருவத்தைக் கிழித்தது, கண் தப்பியது பெரிய விஷயம். வழக்குப் போட்டவர் அந்த நண்பர். அவர் எதற்கும் சம்மதம் தெரிவித்ததில்லை, எந்தக் கடிதத்திலும் அவர் பெயர் இல்லை. வாங்கியவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தை நாங்கள் கட்டுக்கட்டாக வைத்திருந்தும் அவர் விஷயத்தில் அது எதற்கும் பயன்படவில்லை. வில்லின் மேல் '28 அங்குலத்துக்கு மேல் இழுக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்திருந்தால் என் கட்சிக்காரரின் நிலைமையே வேறு.

இதை வைத்து அந்த மாணவரின் வில்லைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை: ஒற்றை மர வில்லில் இலக்கைப் பார்க்கிற பக்கம் இழுபடும், எய்பவரைப் பார்க்கிற பக்கம் அமுங்கும். அந்த இழுபடுகிற பக்கத்தில் மரத்தின் ஒரே ஆண்டு வளையம் நுனியிலிருந்து நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் நாள் கணக்கில் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தில் பஞ்சை வைத்து மெதுவாகத் தடவி, எங்கேயாவது ஒரு இழை மாட்டுகிறதா, சிம்பு கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள், கடிதத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஒரு சிம்புக்கே இவ்வளவு கவனம் என்றால் கொடி வேலைப்பாட்டைக் குறுக்கே செதுக்கி ஓட்டையும் போட்டால் என்ன ஆகும்? ஆகவே அந்த வடிவத்தை அப்படியே செய்ய முடியாது என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் பொம்மை என்று சொன்னதற்குப் பதிலாக இந்தக் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு மரம் எப்படி உடையும் என்று தெரியாது, படம்தான் தெரியும். எனக்கும் இந்தத் தொழில்காரர்களோடு பழகுவதற்கு முன் தெரியாது.

சொல்லியிருந்தால் இரண்டு வழி இருந்தது. வளையாத இடங்களில், அதாவது பிடியிலும் விறைத்த நுனிகளிலும், அவர் கேட்ட வேலைப்பாட்டைச் செதுக்கி, வளையும் பகுதியில் அதே கொடியை வர்ணத்தில் வரைந்து கொடுக்கலாம். அல்லது எய்யவே முடியாத அலங்காரப் பொருளாகச் செய்யலாம். இரண்டாவதைச் செய்வதானால் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினால் போதாது, என்றைக்காவது ஒரு சிறுவன் நாண் ஏற்றிப் பார்ப்பான். நாண் மாட்டும் வெட்டே வேண்டாம், கயிற்றை நுனிக்குள் துளைத்துத் தொளதொளவென்று நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். எந்த வழியானாலும் படத்தின் பெயரையோ கதாபாத்திரத்தின் பெயரையோ போட்டு விற்காதீர்கள், அது வேறொருவரின் சொத்து.

மறுக்க உரிமை உண்டா என்று கேட்டீர்கள். பேச்சுவார்த்தையில் இருக்கும் வரை தாராளமாக உண்டு, ஆளின் இனம், மதம், பால் போன்ற காரணங்களுக்காக மறுக்காத வரை. வேலை பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம். முன்பணம் வாங்கி ஒப்புக்கொண்ட பிறகு கதை வேறு, அப்போது பின்வாங்குவது ஒப்பந்த மீறல், குறைந்தபட்சம் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். 'மரம் வாங்கிவிட்டேன், அதனால் தர மாட்டேன்' என்று அந்த மங்கோலிய வில்காரரிடம் சொல்ல நினைத்திருக்கிறீர்களே, வேண்டாம். பின்வாங்குவது நீங்கள் என்றால் மரத்தின் செலவும் உங்களுடையதுதான். அவர் பின்வாங்கினால் செலவழித்த அளவுக்குப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அதை முன்பே எழுதியிருக்க வேண்டும். 'சொல்லிச் செய்த பொருளைத் திரும்ப வாங்குவதில்லை' என்ற உங்கள் வரி, மனசு மாறித் திருப்பித் தருபவரைத் தடுக்கப் பல நாடுகளில் செல்லும். குறை இருக்கும் வில்லுக்கும், சொன்னபடி இல்லாத வில்லுக்கும் செல்லாது.

அந்த மாணவரின் பதிவுக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் பதிலை அனுப்ப வேண்டாம். 'அன்று கடுமையாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஓட்டை போட்டால் வில் உடைந்து உங்கள் முகத்தில் அடிக்கும் என்பதால்தான் முடியாது என்றேன், வேறு விதமாகச் செய்து தர முடியும்' என்று மூன்று வரி எழுதுங்கள். பதிவை அவர் எடுக்காவிட்டாலும் அடுத்து வந்து படிக்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியும்.

மங்கோலிய வில்லை எப்படிச் செய்து கொடுப்பது

இதைச் செய்து கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஃபைபர் கிளாஸ் பற்றிக் கோபப்பட்டிருக்கிறீர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வில் தொழிலுக்குள் வந்த பொருள் அது. கொம்பு வில்லின் பசை ஈரப்பதத்தில் இளகும், தசைநார் காய மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நாள்தோறும் பயிற்சி செய்ய, மழைக்காலத்திலும் எய்ய ஒருவர் ஃபைபர் கிளாஸ் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதைத் தோலுக்கு அடியில் ஒளித்துவைத்து, கேட்டவரிடம் சொல்லாமல் விட்டால்தான் தவறு.

மேடை விஷயத்தில் மட்டும் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கட்டை விரலால் நாணை இழுப்பாரா, மூன்று விரலாலா? வலக்கைக்காரர் கட்டை விரலால் இழுத்தால் அம்பு வில்லின் வலப்பக்கம் தங்கும், மூன்று விரலால் இழுத்தால் இடப்பக்கம். கேட்காமல் வழக்கப்படி இடப்பக்கம் வெட்டிக் கொடுத்து, அவர் மங்கோலிய முறையில் கட்டை விரல் வளையம் போட்டு எய்பவராக இருந்தால் அந்த மேடை எதற்கும் ஆகாது. போட்டிக்குப் போகிறாரா என்றும் கேளுங்கள், ஏனென்றால் மரபுவழி வில்லுக்கான சில பிரிவுகளில் மேடை இருந்தாலே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எதற்காக வாங்குகிறேன் என்று ஒருவர் சொல்லி, உங்கள் திறமையை நம்பி வாங்கினால், அந்தப் பயனுக்கு அது பொருந்த வேண்டியது உங்கள் கடமை. நான் சொன்ன 1893ஆம் வருடச் சட்டத்திலேயே இதுவும் இருந்தது. கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

சான்றிதழை அவர் கேட்டபடி தரவே கூடாது. அதற்குப் பதில் இப்படி ஒரு அட்டை கொடுங்கள்: 'சிங் கால மஞ்சு வில்லின் வடிவத்தைத் தழுவியது. உள்ளே மரமும் ஃபைபர் கிளாஸும், மேலே தோல். அம்பு மேடை வாடிக்கையாளர் கேட்டுச் சேர்த்தது. செய்த பட்டறை இது, வருடம் இது.' அதற்குக் கீழே இழுவிசை எத்தனை பவுண்டு, அது எத்தனை அங்குலத்தில் அளந்தது, அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம், எந்த வகை நாண், எவ்வளவு எடைக்குக் குறைந்த அம்பு கூடாது, அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது, இவ்வளவும் வேண்டும். நாண் வகையைக் கட்டாயம் எழுதுங்கள். நீளாத புதுவகை இழையில் நாண் போட்டால் அதிர்ச்சி முழுவதும் நுனிக்குப் போகும், அதைத் தாங்கும்படி செய்யாத நுனி பிளந்துவிடும், வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இழுவிசையையும் அதிகபட்ச இழுப்பையும் வில்லின் மேலேயே எழுதி மெருகு பூசிவிடுங்கள். அட்டை தொலைந்து போகும்.

அவர் அந்தப் பழைய சான்றிதழ் இல்லாமல் வேண்டாம் என்றால் முன்பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த ஆறு வில்

இப்போது நான் உண்மையிலேயே பயப்படும் இடத்துக்கு வருகிறேன். புகை காட்டுவதும் தோலைத் தேய்ப்பதும் குற்றம் கிடையாது. நாடகத்துக்கு, படப்பிடிப்புக்கு, கண்காட்சிக்கு இதை நேர்மையாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முத்திரை வேண்டாம் என்கிறார், ஆறு வேண்டும் என்கிறார், ஆறும் வேறு வேறு அளவில் பழசாக வேண்டும் என்கிறார், யாருக்காக என்று கேட்டதற்கு 'வீட்டு அலங்காரம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பழம்பொருள் என்று சொல்லி விற்கப் போகிறார் என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. உங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் கொம்பும் தசைநாரும் மீன் பசையும் கேட்ட ஒருவரைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தீர்கள். அது எனக்குப் புரிகிறது. இத்தனை வருடம் கற்ற வேலையை முழுசாகக் கேட்க யாரும் வராதபோது ஒருவர் வந்து ஆறு வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மாணவரின் இலை வில்லை எவரும் எந்தக் காலத்திலும் பழைய வில் என்று நினைக்க மாட்டார்கள். உங்கள் ஆறு வில்லையும் நினைப்பார்கள், நீங்கள் அவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள் என்பதால்தான் நினைப்பார்கள். நாளை ஒருவர் பெரிய தொகை கொடுத்து அதைப் பழம்பொருளாக வாங்கி, பிறகு உண்மை வெளிவந்தால், செய்தவர் யார் என்று தேடுவார்கள். தெரிந்தே உதவினாரா, தெரியாமல் செய்தாரா என்ற கேள்வி அப்போது வரும். முத்திரை வேண்டாம் என்று கேட்டதற்கு ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? தெரியாது என்று சொல்லலாம். தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடிக்கொண்டதையும் பல நீதிமன்றங்கள் தெரிந்ததற்குச் சமமாகவே எடுத்துக்கொள்கின்றன. இந்தக் கடிதம் படித்த பிறகு தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.

இன்னொன்று, சட்டத்துக்கு வெளியே. நூல் படித்து, அருங்காட்சியகத்தில் அளந்து, பழைய வில்லைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற உங்களைப் போன்றவர்களுக்கு உயிரோடு இருக்கும் ஒரே ஆசான் அந்தப் பழைய வில்கள்தான். ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள் கிடைத்த, 5,000 வருடத்துக்கும் முந்தைய மனிதனோடு ஒரு யூ மர வில் இருந்தது, செதுக்கி முடிக்காத வில். அதன் மேல் இருக்கும் வெட்டுத் தடங்களைப் பார்த்து எத்தனையோ பேர் வேலை கற்றிருக்கிறார்கள். அந்த வரிசையில் உங்கள் வில் ஒன்று இருநூறு வருடப் பழசு என்று நுழைந்து, யாரோ ஒரு பையன் அதை அளந்து 'அக்காலத்தில் இப்படித்தான் செய்தார்கள்' என்று எழுதிவைத்தால், மரபுக்குத் துரோகம் என்று நீங்கள் எதை நினைத்துப் பயந்தீர்களோ அது அங்கேதான் நடக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நான்கு வில்லில் இரண்டுக்கு இன்னும் பிடித்தோல் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தோல் ஒட்டும் முன் மரத்தில் பட்டறை முத்திரையும் வருடமும் சூடு போட்டுவிடுங்கள். அது மட்டும் போதாது, யாரும் தோலை உரித்துப் பார்க்க மாட்டார்கள், ஆகவே வெளியே நுனியின் அடியிலும் சிறிதாக ஒன்று போடுங்கள். மெருகுக்கு மேலே போடாதீர்கள், சுரண்டிவிடலாம். மற்ற இரண்டுக்கும் வெளி முத்திரையாவது வேண்டும். நான்கையும் முத்திரை தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன இரண்டு வில்லுக்காக இந்த வாரமே அவருக்குக் கடிதம் எழுதுங்கள், குற்றம் சாட்டும் தொனியே வேண்டாம்: 'நான் அனுப்பிய இரண்டும் இன்ன வருடம் என் பட்டறையில் புதிதாகச் செய்தவை. மீதி நான்கிலும் முத்திரையும் வருடமும் இருக்கும். யாருக்காவது கைமாற்றினால் இந்தத் தகவலோடு கொடுங்கள். இதில் சம்மதம் இல்லையென்றால் நான்குக்கான பணத்தைத் திருப்பித் தருகிறேன்.' கடிதத்தின் நகலையும், அந்த இரண்டு வில்லைச் செய்யும்போது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே வீட்டு அலங்காரம் என்றால் அவருக்கு ஒரு சிறு முத்திரை தொந்தரவாக இருக்காது.

பதில் வரும் வரை அந்த நான்கையும் அனுப்ப வேண்டாம். பதில் எப்படி வந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அதை வைத்து அடுத்தது பேசுவோம்.